பதினேழாம் எண்

ட்ரோம்ஸோவில் நவம்பர் கடைசியில் சூரியன் போய்விடும்.
சொல்லிவிட்டுத்தான் போகும்;
காலண்டரிலேயே தேதி அச்சாகியிருக்கிறது.
இந்தக் கூடத்தில் மட்டும்
பகலை ஏற்றுவதும் அணைப்பதும் நான்.

பதினாறு பனிக்கவுதாரிகள்,
ஸ்வால்பார்ட் தீவுகளின் வம்சம்.
எண்கள் பதினேழு வரை போகின்றன.
ஒன்பதாம் எண் போன வருடம் செத்தது.

செவ்வாய்தோறும் துணிப்பையில் போட்டு நிறுப்பேன்.
கால்விரல் வரை இறகு மூடிய பறவை
பைக்குள் போனதும் அசையாது,
தன் எடையைத் தானும் கேட்டுக்கொள்ள நினைப்பதுபோல்.

இலையுதிர்காலத்தில் இரவென்றும் பாராமல் தின்கின்றன.
கொழுத்து உருண்டு கல்லாகின்றன.
பிறகு ஒரு நாள்,
கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருக்க,
முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.
நோயில்லை. யாரும் வாயைக் கட்டவில்லை.

மூளையின் அடியில் கடுகளவு இடம் என்கிறாள் ராக்ன்ஹில்ட்.
அங்கேதான் எல்லா வழக்கும் நடக்கிறதாம்.
மனிதரில் கொழுப்பே லெப்டின் என்று கடிதம் எழுதும்:
போதும், இங்கே இருப்பு இருக்கிறது.
பறவையில் அந்தக் கடிதத்தை யார் எழுதுகிறார்கள்
என்று இன்னும் சண்டை.
கிரெலின் நமக்குப் பசியைக் கிளப்பும்;
அதையே கோழிக்கு ஏற்றினால்
தீனியைவிட்டு நகர்ந்துவிடும்.
ஒரே சொல். வீட்டுக்கு வீடு வேறு பொருள்.

நவம்பரில் ஒரு கொடுமை செய்தோம், முறைப்படி அனுமதி வாங்கி.
பதினேழாம் எண்ணின் தீனியைக் குறைத்தோம்.
எண்ணூற்று எண்பது கிராம்
அறுநூற்றுப் பத்தாயிற்று.
கம்பியைக் கொத்தியது. என் கையுறையைக் கொத்தியது.
தன் எண் எழுதிய காகிதத்தைத் தின்றது.

அதே வாரங்களில்தான் யோருன் போனாள்,
நாயையும் நல்ல வாணலியையும் எடுத்துக்கொண்டு.

எனக்குப் பசிக்கவில்லை.
பசி மட்டுமா?
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசவில்லை.
ரேடியோவில் பந்தாட்டம் ஓடியது,
யார் ஜெயித்தது என்று காது கேட்கவில்லை.
இரவில் எந்த உடம்பின் நினைவும் வரவில்லை.
"எல்லாம் ஒரே தெருவில் குடியிருக்கிறவை" என்றாள் ராக்ன்ஹில்ட்,
குழாயில் ரத்தத்தைச் சுழலவிட்டபடி.
என்னைப் பற்றிச் சொன்னாளா,
பறவையைப் பற்றியா,
கேட்கவில்லை.

ஜனவரி ஆறு. கிண்ணத்தை நிறைத்தோம்.
இழந்ததையெல்லாம் வட்டியோடு வசூலிக்கும் பார்
என்று ஐலுவிடம் நூறு குரோனர் பந்தயம் கட்டினேன்.
தின்றது. மறுநாளும் தின்றது.
எழுநூற்று முப்பத்தைந்தில்
நின்றுவிட்டது.

மற்றவற்றின் ஏட்டைப் புரட்டினோம்.
பட்டினி அறியாத பதினைந்தும்
மலையிலிருந்து இறங்குவதுபோல் இளைத்து இளைத்து
அதே எடைக்கு வந்திருந்தன.
விட்ட இடத்துக்கு இது திரும்பவில்லை.
இன்றைக்கு எங்கே இருக்க வேண்டுமோ
அங்கே போய் நின்றது.
நவம்பர் முடிந்துவிட்டது என்று
அந்தக் கடுகுக்குத் தெரிந்திருக்கிறது.

நூறு குரோனர் போயிற்று.

ஜனவரி இருபத்தொன்று.
தெற்கு மலைவிளிம்பில் சில நிமிடம் சூரியன்.
ஊரே ஜாம் வைத்துப் பொரித்த பன் தின்னும் நாள்;
பேக்கரி வாசலில் வரிசை பாலம் வரை நீளும்.
ஐலு இரண்டு கொண்டுவந்தான், என் நூறு குரோனரில்.
ஒன்றைத் தின்றேன்.
கட்டைவிரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கும்போதுதான்
நக்குகிறேன் என்பதைக் கவனித்தேன்.
அடுத்ததை நோக்கிக் கை போனது.
பாதியில் நின்றது.
யாரும் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. பை. தராசு.
எழுநூற்றுப் பத்து என்று எழுதினேன்.
கிண்ணத்துத் தீனி வைத்தது வைத்தபடி.
பதினேழாம் எண் கழுத்தைத் திருப்பி
விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பகலில் ஐந்து நிமிடம் கூட்டினேன்,
அட்டவணைப்படி.